டபுள்ஸ் இல்லாத ஊர்

நான் ஜெர்மனியில் ரேகன்ஸ்பூர்க் என்ற இந்த ஊருக்கு வந்த புதிதில், தொழிற்சாலையின் சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒருநாள் காலை டீட்டர் என்னை நிறுத்தினார். தரப் பரிசோதனைப் பிரிவில் எனக்கு அடுத்த மேசைக்காரர். என் முட்டியைக் காட்டி, எனக்குப் புரியும்படி நிதானமான ஜெர்மனில், "வலிக்கிறதா?" என்று கேட்டார். இங்கே எல்லோரும் சைக்கிளிலிருந்து இறங்கும்போது வலது காலைப் பின்பக்கமாக வீசி, கேரியருக்கு மேலே சுழற்றி இறங்குகிறார்கள். நான் மட்டும் காலை மடக்கி, முன்பக்கமாகக் கம்பிக்கு மேலே தூக்கி இறங்குகிறேன். பார்ப்பதற்கு முட்டி வலிக்காரன் போலத்தான் இருந்திருக்கும். இல்லை என்று சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தைச் சொல்லும் அளவுக்கு ஜெர்மன் என்னிடம் அப்போது இல்லை. ஆமாம் என்றேன். மறுநாள் அவர் ஒரு களிம்பு டியூப் கொண்டுவந்து கொடுத்தார். அது இன்னும் என் மேசை இழுப்பறையில் மூடி திறக்காமல் இருக்கிறது.

காரணம் ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தால் காலைப் பின்பக்கம் வீச முடியாது. கல்யாணமான புதிதில் நாங்கள் தென்காசியில் வாடகை வீட்டில் இருந்தோம். சாரல் காலத்தில், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சைக்கிளில் குற்றாலம் கிளம்பிவிடுவோம். மேலகரம் தாண்டியதும் மேற்கிலிருந்து ஈரக்காற்று முகத்தில் அடிக்கும். சாலையும் லேசாக ஏறும். என் மனைவி குழல்வாய்மொழி, வீட்டில் குழலி, எண்ணெய் தேய்த்த தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து சீட்டின் ஸ்பிரிங்கைப் பிடித்திருப்பாள். "என்ன அத்தான், இழுக்க முடியலயா? எறங்கித் தள்ளட்டுமா?" என்பாள். "பேசாம வாட்டி" என்பேன். "நான் பேசாமத்தான் இருக்கேன். நீங்கதான் புஸ்ஸு புஸ்ஸுன்னு ரயிலு மாதிரி வாறீங்க."

டபுள்ஸில் ஒரு வசதி உண்டு. பேசுகிற இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையின் பெரிய பேச்சுகளெல்லாம் அப்படித்தான் நடந்தன. மகள் பிறக்கப்போவதை அவள் என் முதுகுக்குத்தான் முதலில் சொன்னாள். பிறகு மோட்டார் சைக்கிள் வாங்கினோம். இரைச்சலும் ஹெல்மெட்டுமாக அந்தப் பேச்சு குறைந்துபோயிற்று. ஜெர்மனி வேலைக்கு உத்தரவு வந்த வாரம், மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டுப் பழைய சைக்கிளைத் துடைத்துக் காற்றடித்தேன். குழலி பார்த்துக்கொண்டே இருந்தாள். "சைக்கிள எடுக்கீங்கன்னா என்னமோ கேக்கப் போறீங்க" என்றாள். குற்றாலம் சாலையில் பாதி தூரத்தில் கேட்டேன். கேரியரில் அவள் நகர்ந்து உட்கார்ந்தது சைக்கிள் ஆடியதில் தெரிந்தது. பிறகு, "போயிட்டு வாங்க. நான் பாத்துக்கிடுதேன்" என்று வந்தது. அதைச் சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆறு வருடமாக இந்த நாட்குறிப்பில் பக்கத்தின் மேலே ரேகன்ஸ்பூர்க்கின் தட்பவெப்பமும் கீழே தென்காசியின் தட்பவெப்பமும் தவறாமல் எழுதி வருகிறேன். அந்த முகத்தைப் பற்றி எழுத எதுவும் இல்லை.

போன கோடையில் அவள் முதன்முறையாக இங்கே வந்தாள். மகள் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டாள். தென்காசிக்குப் பக்கத்தில் குத்துக்கல்வலசையில் நாங்கள் கட்டிய வீட்டில் குழலி தனியாக இருந்தாள். நான் ஜெர்மனி வந்த பிறகு அவளும் இலத்தூரில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நீண்ட விடுப்பு வாங்கிக்கொண்டுதான் வந்தாள். விடுப்பு முடிவதற்குள் முடிவு செய்ய வேண்டும்: வேலையை விட்டுவிட்டு என்னோடு இங்கே தங்குவதா, திரும்பிப் போவதா. எனக்கு என்ன வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. ஆறு வருடமாக ஒரு தட்டை மட்டும் கழுவி வைக்கிறவனுக்கு வேறென்ன வேண்டியிருக்கும்? ஆனால் கேட்க முடியவில்லை. சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து கேட்கும் கேள்வியாக அது தோன்றவில்லை. வீடியோ அழைப்பில் இத்தனை வருடம் முகத்தை மட்டுமே பார்த்துப் பேசியதில், முகம் பார்த்தால் நாங்கள் இருவரும் நன்றாக இருப்பதாகவே சொல்லிப் பழகிவிட்டோம்.

அப்போதுதான் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். வழிகாட்டியோடு மின்சார சைக்கிளில் பழைய நகரத்தைச் சுற்றிப் பார்ப்பது. இத்தனை வருடமாகியும் நானும் ஊரை முழுதாகப் பார்த்ததில்லை. தொழிற்சாலை, வீடு, கடை, அவ்வளவுதான். விதிமுறைகளை வரி வரியாகப் படித்தேன். படத்தில் இருந்த சைக்கிளின் பின்னால் அகலமான, உறுதியான கேரியர் இருந்தது. எவ்வளவு எடை தாங்கும் என்று போட்டிருந்தது. என் எடையையும் அவள் எடையையும் கூட்டிப் பார்த்தேன், அதற்குள் அடங்கியது. மோட்டார் வேறு இருப்பதால் மூச்சு வாங்காது, கேட்க நினைத்ததைக் கேட்கலாம். ஒரு சைக்கிளுக்குப் பதிவு செய்தேன். எந்த அளவையும் இரண்டுமுறை சரிபார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிற எனக்கு, ஒரு சைக்கிள் என்றால் ஒரு ஆள் என்பது தோன்றவே இல்லை.

தேவாலயத்தை ஒட்டிய சதுக்கத்தில் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். வழிகாட்டிப் பெண்ணின் பெயர் யூலியா. ஆங்கிலத்தில் பேசினாள். தலைக்கவசங்களைக் கொடுத்துக்கொண்டு வந்தவள் எங்களிடம் நின்று, "உங்கள் மனைவியின் சைக்கிள்?" என்றாள். நான் கேரியரைத் தட்டிக் காட்டினேன். அவள் என்னையும் கேரியரையும் குழலியின் பட்டுக்கரை சேலையையும் பார்த்தாள். வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு நான் சிரிக்கவில்லை என்று கண்டு, "அது சாமான் வைக்க. பெரியவர்களை ஏற்றக் கூடாது. எங்கள் காப்பீடு அதற்கு இடம் கொடுக்காது" என்றாள். இன்னொரு சைக்கிள் தருவதாகச் சொன்னாள். குழலிக்கு ஓட்டத் தெரியாது என்றேன். யூலியா நல்ல பெண். யோசித்துவிட்டு, முன்னால் பெரிய மரப்பெட்டி வைத்த ஒரு வண்டியைக் காட்டினாள். இங்கே பிள்ளைகளை அதில் வைத்துப் பள்ளிக்கு அழைத்துப் போவார்கள். வேண்டுமானால் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள்.

"என்ன சொல்லுதா?" என்றாள் குழலி.

சொன்னேன்.

"அய்யே! நான் என்ன உர மூட்டையா, பெட்டிக்குள்ள போட்டுத் தள்ளிட்டுப் போக?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அவருக்குப் பிடித்திருக்கிறது!" என்று யூலியா சந்தோஷப்பட்டாள். நான் இல்லை என்று சொல்வதற்குள் மற்றவர்கள் ஏறி உட்கார்ந்து எங்களுக்காகக் காத்திருந்தார்கள்.

"நீங்க போயிட்டு வாங்க அத்தான். நான் இங்கன இந்தப் பெஞ்சுல இருக்கேன்."

"நீ இல்லாம நான் மட்டும் எதுக்கு?"

"துட்டு கட்டியாச்சுல்லா? போங்க. எல்லாரும் நம்மளயே பாக்காவ."

போனேன். மின்சார சைக்கிளை முதலில் மிதிக்கும்போது, யாரோ பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளிவிடுவது போல இருக்கிறது. கல் பாவிய சந்துகளில் ஹேண்டில் அதிர்ந்தது. பின்னால் பாரம் இல்லாத சைக்கிள் அதிகமாகவே ஆடும். ரோமானியர்கள் கட்டிய வாசல் ஒன்று, இன்றைய வீட்டுச் சுவருக்குள் பாதி புதைந்து நின்றது. நிறுத்திய இடங்களிலெல்லாம் ஜோடியாக வந்தவர்கள் தங்கள் போனை என்னிடம் கொடுத்தார்கள். தனியாக வந்த ஆள் நான் ஒருவன்தான் என்பதால் படம் எடுக்கும் வேலை இயல்பாக எனக்கு வந்தது. எல்லாருக்கும் தலை வெட்டுப்படாமல், கோபுரம் முழுதாகத் தெரியும்படி எடுத்துக்கொடுத்தேன்.

ஒரு தெருவில் யூலியா மேலே பார்க்கச் சொன்னாள். வீட்டின் மேல் வீடாக அடுக்கிய உயரமான கல் கோபுரம். கோட்டை இல்லை, பழங்காலத்து வியாபாரி ஒருவரின் வீடு. இந்த ஊர் வியாபாரிகள் யார் வீடு உயரம் என்று போட்டி போட்டுக் கட்டினார்களாம். மேல் மாடிகளில் பெரும்பாலும் யாரும் குடியிருக்கவில்லையாம். எனக்கு எங்கள் குத்துக்கல்வலசை வீடு நினைவுக்கு வந்தது. நான் அனுப்பிய பணத்தில் எழுப்பிய மாடி. டைல்ஸ், அலமாரி, குழாய் எல்லாம் உண்டு. குழலி வாரத்துக்கு ஒருமுறை திறந்து பெருக்கிவிட்டுப் பூட்டுவாள். எங்கள் தெருவில் அப்படிப் பூட்டிய மாடிகள் வேறும் உண்டு. வண்டி நகரத் தொடங்கியபோது நான் தலையை லேசாகச் சாய்த்து, "பாத்தியாட்டி, நம்ம மாடி மாதிரியேதான்" என்றேன்.

"மன்னிக்கவும், என்னிடம் பேசினீர்களா?" என்று பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கேட்டார்.

ஒன்றுமில்லை என்றேன். அதன்பிறகு யூலியா சொன்ன எதுவும் எனக்கு நினைவில்லை. அன்றைய நாட்குறிப்பிலும் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.

சதுக்கத்துக்குத் திரும்பியபோது பெஞ்சில் குழலி இல்லை. சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டுத் தேடினேன். அவளிடம் இந்த நாட்டு சிம் கார்டுகூட இல்லை. வழி கேட்க மொழி இல்லை. தேவாலயத்தின் மறுபக்கத்திலிருந்து கையில் காகிதக் கோப்பையோடு அவள் நிதானமாக நடந்து வந்தாள்.

"எங்கட்டி போன?"

"காபி வாங்கினேன். கையக் காட்டினேன், குடுத்துட்டான். நம்ம காபி ருசி இல்ல, ஆனா நல்ல சூடு." முகம் மலர்ந்திருந்தது. "உங்களுக்கும் பாதி வச்சிருக்கேன்."

எனக்கு அப்போது பெரிய நம்பிக்கை வந்தது. பழகிவிடுவாள் என்று நினைத்தேன். அந்தப் பாதிக் காபியைக் குடித்துக்கொண்டே, எந்த அலமாரியை அவளுக்கு ஒழித்துக் கொடுப்பது என்பதுவரை யோசித்துவிட்டேன்.

எங்கள் பேருந்து கல் பாலத்துக்கு அக்கரையில் நிற்கும். பாலத்தில் நடந்தோம். கீழே டான்யூப் நதி சுழித்துக்கொண்டு போயிற்று. குழலி எங்கே நடந்தாலும் எனக்கு இரண்டடி பின்னால்தான் வருவாள். நான் எத்தனை முறை சொல்லியும் அது மாறவில்லை. பாலத்தின் நடுவில் வரும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அத்தான்."

"ம்."

"சைக்கிள்னு சொன்னப்பவே தெரியும், என்னமோ கேக்கப் போறீங்கன்னு."

நான் நடந்துகொண்டே இருந்தேன்.

"தோதில்லாமப் போச்சு, என்ன?"

"இப்ப கேக்கேன்" என்றேன். "இங்கனயே இருந்திருதியா?"

அவள் செருப்புச் சத்தம் மட்டும் கூடவே வந்தது.

"ஊரு நல்லாத்தான் இருக்கு. குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா இங்கன நான் எப்பவும் உங்க பின்னால உக்காந்துதான் வரணும் அத்தான். கடைக்குன்னாலும் நீங்க, டாக்டர்ட்டன்னாலும் நீங்க. அங்கன நானா பஸ் ஏறுதேன், எறங்குதேன். ஒருநா நான் வாரதுக்குச் செத்த நேரமாச்சுன்னு டிரைவர் அண்ணாச்சி வண்டிய நிப்பாட்டி வச்சிருந்தாவ. பஸ்ஸே எனக்காக நின்னுச்சு."

"இன்னைக்கு நீயாத்தான காபி வாங்கின?" என்றேன். சொன்ன பிறகு எனக்கே அது சிறுபிள்ளைப் பேச்சாகப் பட்டது.

"வாங்கினேன். பெஞ்ச விட்டு எந்திரிச்சுப் போகத் துணியுறதுக்கே நீங்க திரும்பி வார நேரம் ஆயிட்டு."

முன்பெல்லாம் பின்னால் உட்கார்ந்து வந்தவள் அந்த இடத்தைப் பற்றி என்ன நினைத்தாள் என்று நான் கேட்டதில்லை. எனக்கு அது ஓட்டுபவனின் சுகமாகவே இருந்தது. அவளுடைய பதில் கிடைத்துவிட்டது. முகத்தை மட்டும் இந்தத் தடவையாவது பார்க்க வேண்டும் என்று திரும்பப் போனேன்.

"திரும்பாதீங்க" என்றாள். "நேராப் பாத்து நடங்க. எதுக்க ஆளு வருது."

எதிரே யாரும் வரவில்லை. நேராகப் பார்த்து நடந்தேன்.

மாதக் கடைசியில் அவள் புறப்பட்டுப் போனாள். அங்கே அப்போது அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. இப்போதும் தினமும் பேசுகிறோம். இரண்டு பேரும் நன்றாக இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறோம். அலுவலகம் விட்டுப் பேருந்தில் திரும்பும் நேரத்தில் சிலநாள் அவளே அழைப்பாள். படம் இல்லாமல், குரல் மட்டும். அப்போது மட்டும் பேச்சு கொஞ்சம் நீளும்.

இந்த வாரம் டீட்டர் மறுபடியும் சைக்கிள் நிறுத்துமிடத்தில் எனக்குப் பக்கத்தில் சைக்கிளில் வந்து நின்றார். "முட்டி எப்படி இருக்கிறது?" என்றார். காரணத்தைச் சொல்லும் அளவுக்கு இப்போது என்னிடம் ஜெர்மன் இருக்கிறது. பரவாயில்லை என்றேன். அவர் தன் காலைப் பின்பக்கமாகச் சுழற்றி இறங்கி, பூட்டிவிட்டு உள்ளே போனார். என் கேரியரில் மதியச் சாப்பாட்டு டப்பா மட்டும் இருந்தது. நான் காலை மடக்கி, கம்பிக்கு மேலே தூக்கி, முன்பக்கமாக இறங்கினேன். பிறகும் கொஞ்ச நேரம், பின்னால் இருப்பவர் இறங்கட்டும் என்பதைப் போல, வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.