மலைப்பூவின் விதையும் ஒரு கிளாஸ் பாலும்

பம்பாயில் நான்கு நாள் இருந்ததற்கே ஹிந்தி வந்துவிட்டது என்று நம்பிய மடையன் நான். அந்த நம்பிக்கையால் உயிரே போகப் பார்த்தது.

எண்பத்து நாலு, மே மாதம். ரயிலில் பிடித்த தலைவலி மாதுங்காவில் அக்காள் வீட்டுக்கு வந்தும் விடவில்லை. உட்கார்ந்தால் தெறித்தது, படுத்தால் இடித்தது. நாலாம் நாள் காலை எட்டு மணிக்கு, ஊர்க்காரர் ஒருவரைப் பார்க்கத் தாராவியை நோக்கி நடந்தேன். இரண்டு கிலோமீட்டர் இருக்கும். பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமை இல்லை.

தாராவியில் தோல் பட்டறை வைத்திருக்கும் காசிம் பாய் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அங்கே இமயமலைப் பக்கத்துக் கட்வாலிலிருந்து ஆட்டுத்தோல் கொண்டுவந்திருந்த வியாபாரி நேகி உட்கார்ந்திருந்தார். தோல் நெடியில் மண்டை இன்னும் கொதித்தது. தலையைப் பிறாண்டிக்கொண்டே குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்த நேகி, பையிலிருந்து காய்ந்த மலைப்பூ ஒன்றை எடுத்துக் காட்டினார். ஊதா இதழ்கள் ஐந்து. ஒவ்வொன்றின் பின்னும் கொக்கி போல ஒரு வால். தலைகீழாகத் திருப்பினால் ஐந்து புறாக்கள் ஒரே கிண்ணத்தில் தானியம் கொத்துவது போலிருந்தது. கூடவே, அதன் கறுப்பு விதை ஒரு சிட்டிகை தந்தார்.

"யே பால் கே லியே. பீஸ்கே லகாவ்."

"என்ன சொல்லுதாருன்னு நான் சொல்லட்டுமாவே?" என்றார் காசிம் பாய்.

"வேண்டாம் பாய், எனக்கே விளங்குது."

காசிம் பாய் தோல்களைப் பிரிக்கத் திரும்பினார். 'பீஸ்' என்றாரே என்று நேகியிடம் ஒரு ரூபாயை நீட்டினேன். சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டார். தங்கமான வைத்தியர்!

எதிரே டீக்கடை. சூடாக ஒரு கிளாஸ் பால் வாங்கி, விதையை நசுக்கிப் போட்டுக் கலக்கினேன். கிளாஸ் உதட்டருகே வந்தபோது பட்டறை வாசலிலிருந்து காசிம் பாய் பாய்ந்து வந்து தட்டிவிட்டார். பால் முழுக்க என் வேட்டியில்.

"வேய், கிறுக்குப் பிடிச்சிட்டா? பால்னா இவங்க பாஷையில மயிருவே! பீஸ்கேன்னா அரைச்சு! எண்ணெய்ல அரைச்சுத் தலையில தேய்க்கிற பேன் மருந்து அது. வாயில வச்சா வெசம்!"

"எனக்குத் தலைவலி பாய்!"

காசிம் பாய் அதை ஹிந்தியில் சொல்ல, நேகி தலையில் அடித்துக்கொண்டார்.

"தலைவலிக்கு இதோட வேராம்வே. அரைச்சு நெத்தியில பத்துப் போடுவாங்களாம். நீரு பிறாண்டுன பிறாண்டலப் பாத்துப் பேனுன்னு நெனச்சிட்டாரு. வேரை அவரு கொண்டாரல."

வேர் தேவைப்படவில்லை. பயத்திலேயே தலைவலி ஓடியிருந்தது. எங்கள் ஊரில் பால் மாட்டிடம் இருக்கிறது. இங்கே மனிதன் தலையில் முளைக்கிறது. நனைந்த வேட்டியோடு மாதுங்காவுக்குக் கிளம்பினேன். பாதித் தெரு போய், மனசு கேட்காமல் திரும்பி வந்தேன்.

"பாய், அதை நான் குடிச்சிருந்தா?"

"பேன் மட்டும் பொழைச்சிருக்கும்."