படுக்கையாக மாட்டிய அன்டெனா

கல்முனையில் ஒரு நீர்ப்பாசனக் கந்தோரில் நான் வயர்லெஸ் செட்டுக்குக் காவல் இருந்தேன். நியமனக் கடிதத்தில் வேறு ஏதோ பெரிய பெயர் இருந்தது, செய்ததென்னவோ அதுதான். குளத்து அணைக்கட்டில் ஒரு செட், எங்கள் மேசையில் ஒரு செட். காலை ஏழுக்கும் மாலை ஐந்துக்கும் அணைக்கட்டு ஓப்பரேட்டர் கூப்பிட்டு, குளத்தில் எத்தனை அடி தண்ணீர், நாளைக்கு எந்தக் கதவு திறக்கும் என்று சொல்லுவார். நான் புத்தகத்தில் எழுதுவேன். கதவு திறக்கிறதென்றால் பள்ளிவாசலுக்கு ஆள் அனுப்புவேன். ஒலிபெருக்கியில் சொல்லிவிடுவார்கள். வயல்காரர்களுக்கு அது போதும்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஊரில் கூரைக்குக் கூரை டீவி அன்டெனா முளைத்திருந்தது. அரபு நாட்டுக்குப் போனவர்களின் வீடுகளை அதை வைத்தே அடையாளம் சொல்லலாம். எல்லாம் ஒரே மாதிரித்தான். நீளமான பைப், அதன் தலையில் மீன்முள்ளுப் போலக் கம்பிகள், தரைக்குச் சமாந்தரமாகப் படுத்திருக்கும்.

மாரி தொடங்கியபோது வீசிய காற்றில் எங்கள் கந்தோர்ப் பைப் சாய்ந்து, அன்டெனா தென்னை மரத்தடியில் விழுந்தது. திருத்துகிற ஆள் கொழும்பிலிருந்து வர மாதக்கணக்காகும் என்றார்கள். பெரிய வேலையா இது என்று நானே ஏறினேன். முன்பு அது எப்படி நின்றது என்று நான் ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. நான்கு வருடம் அதன் கீழே இருந்து தேத்தண்ணி குடித்தவன்! ஊரிலுள்ள அன்டெனாக்கள் எப்படி இருந்தனவோ அப்படியே இதையும் படுக்கையாக வைத்து முறுக்கினேன். பார்க்க நேர்த்தியாக இருந்தது. கந்தோரில் எல்லாரும் மெச்சினார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்தது.

அன்றிலிருந்து அணைக்கட்டுக் குரல் தேய்ந்து போனது. இரைச்சலுக்கு அடியில் யாரோ கிணற்றுக்குள் இருந்து கதைப்பது போல் கேட்கும். நான் பைப்பை இன்னும் உயர்த்தினேன். இடமும் வலமுமாகத் திருப்பினேன். வயரை மாற்றினேன். அந்தப் பக்கத்து பெற்றரிதான் பிழை என்று ஓப்பரேட்டரோடு சண்டையும் பிடித்தேன். கம்பிகளை நிமிர்த்திப் பார்க்க மட்டும் தோன்றவில்லை. நிமிர்ந்த அன்டெனாவை எந்தக் கூரையில் கண்டேன்?

எனக்கு மூத்தவள் ராத்தா. அவள் மாப்பிள்ளை, என் மச்சான், அந்தப் போகம் சம்மாந்துறைப் பக்கம் பள்ளக் காணியில் வெள்ளாமை செய்திருந்தார். ராத்தாவுக்கு அப்போது ஐந்து மாதம். மச்சானின் கூட்டாளிமார் சவூதியிலிருந்து விசா தருகிறோம் வா என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். அவருக்கு விருப்பமில்லை. "இந்த வெள்ளாமை சரி வந்தா நான் ஒரு இடமும் போகல்ல" என்று ராத்தாவிடம் சொல்லியிருந்தார். ராத்தா அதை எல்லாரிடமும் சொல்லித் திரிந்தாள்.

மாசியில், பெய்யக் கூடாத நேரத்தில், மலைப் பக்கம் மழை இறங்கியது. மச்சானின் வயல் அறுத்து முடிந்து, கதிர் இன்னும் கட்டாத சிறு குவியல்களாக, உப்பட்டியாகத் தரையில் கிடந்தது. வியாழக்கிழமை பின்னேரம் சைக்கிளில் நேரே கந்தோருக்கு வந்தார்.

"மச்சான், குளத்துக் கதவு திறப்பாங்களா என்டு கேட்டுச் சொல்லு. திறக்கிறதெண்டா இண்டைக்கே ஆள் புடிச்சு அள்ளி மேட்டுல குவிச்சு சூடு வெச்சிருவன். இல்லாட்டி நாளைக்கு ஜும்ஆ நாள், ஆள் வராது. சனிக்கிழமைதான்."

"இரிங்க, அஞ்சு மணிக்குக் கேப்பம்" என்றேன்.

ஐந்து மணிக்குச் செட்டைப் போட்டேன். வெறும் இரைச்சல். மூன்று தரம் கூப்பிட்டேன். நடுவில் ஒரு குரல் எழுவதும் அமுங்குவதுமாக இருந்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. மச்சான் வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். எல்லாரும் மெச்சிய என் அன்டெனாவுக்குக் கீழே இருந்துகொண்டு, எனக்குக் கேட்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அவசரமென்றால் ஓப்பரேட்டர் திரும்பக் கூப்பிடமாட்டாரா என்றும் ஒரு நினைப்பு.

"திறக்கிற கதை ஒண்டும் இல்ல மச்சான்" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி ஏறிப் போனார்.

வெள்ளி விடிய, சுபஹோடு கதவுகளைத் திறந்துவிட்டார்கள். ஜும்ஆவுக்கு பாங்கு சொல்கிற நேரம் பள்ளக் காணிகளில் தண்ணீர் நின்றது. நான் போய்ப் பார்த்தேன். உப்பட்டிகள் மிதந்து வரம்போரம் ஒதுங்கியிருந்தன. மச்சான் முழங்கால் தண்ணீரில் ஒன்றை அள்ளுவதும் வைக்க இடமில்லாமல் திரும்பப் போடுவதுமாக நின்றார். என்னைக் கண்டதும் கரைக்கு வந்தார்.

"நீ என்ன செய்வாய் மச்சான், அல்லாஹ்ட நாட்டம்" என்று தோளில் தட்டினார். ஈரக் கை. எனக்கு அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. கால்சட்டையை மடித்துவிட்டு நானும் இறங்கி அள்ளினேன். நான்கைந்து நாளில் நெல் முளைவிட்டுவிட்டது.

திருத்துகிற ஆள் அடுத்த மாதம் வந்தார். கீழே நின்று அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். மேலே ஏறி, இரண்டு நட்டைத் தளர்த்தி, அன்டெனாவைக் கால்வட்டம் புரட்டிக் கம்பிகளை நிமிர்த்தி வைத்து முறுக்கினார். ஒரு சிகரெட் பற்றுகிற நேரம்கூட இல்லை. செட்டைப் போட்டதும் அணைக்கட்டு ஓப்பரேட்டர் பக்கத்துக் கதிரையில் இருந்து கதைப்பது போல் கேட்டது.

"அணைக்கட்டுல கம்பி நிக்குது, நீங்க இங்க படுக்க வெச்சிரிக்கீங்க. எப்படிக் கேக்கும்?" என்றார். கம்பி நிமிர்ந்து நின்றால் அலையும் நிமிர்ந்தே வரும், வாங்குகிற கம்பியும் நிமிர்ந்து நிற்க வேணுமாம். டீவிக்கு அனுப்புகிற இடத்தில் கம்பி படுத்திருப்பதால்தான் வீடுகளிலும் படுத்திருக்கிறதாம். அது எனக்கு உடனே விளங்கியது. ராத்தா பக்கத்து வீட்டுக்கு யன்னல் கம்பிக்குள்ளால் தட்டுக் கொடுப்பாள். நிமிர்ந்த கம்பிக்குள் தட்டை நிமிர்த்தித்தான் நீட்ட வேண்டும். படுக்கையாகப் பிடித்தால் தட்டு இந்தப் பக்கமே நின்றுவிடும். இவ்வளவு லேசான விஷயம். எனக்கு என்மேல் ஆத்திரம்தான் வந்திருக்க வேண்டும். நான் அவருக்குத் தேத்தண்ணி வாங்கப் போனேன்.

பெருநாள் கழித்து மச்சான் சவூதிக்குப் போனார். பிள்ளை பிறந்ததை நான்தான் கடிதத்தில் எழுதினேன். நாலு வருடத்தில் எத்தனையோ கடிதம் எழுதினேன். ஒவ்வொன்றிலும் அந்த வியாழக்கிழமையை எழுத நினைப்பேன். சுகம் விசாரித்து முடிப்பேன். கந்தோரில் செட் கண்ணாடி போலக் கேட்டது. நான் புத்தகத்தில் எழுதினேன், பள்ளிவாசலுக்கு ஆள் அனுப்பினேன், மாதம் முடிந்தது.

மச்சான் வந்து இறங்கியபோது தலைமுடி பாதி நரைத்திருந்தது. மகள் அவரைக் கண்டு பயந்து என் இடுப்புச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாள். அவர் கையை நீட்டிக் கூப்பிட்டார். அவள் போகவில்லை. "பழகிருவா" என்றார் அவர், எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி.

கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்று டீவி. அன்டெனாவை வேறு யாரிடமும் கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை.

"ஊட்டுலயே கெட்டிக்காரன் இரிக்கக்குள்ள வெளியாள் என்னத்துக்கு?"

நான் கூரையில் ஏறினேன். அவர் கீழே பைப்பைப் பிடித்தார். கம்பிகளைப் படுக்கையாக வைத்தேன். இதற்கு அதுதான் சரி. உள்ளே ராத்தா கத்தினாள், "வந்திட்டு, முகமெல்லாம் நல்லா விளங்குது!"

"பாத்தியா, நீ கை வெச்சா பிழை வராது" என்று மச்சான் அண்ணாந்து சிரித்தார்.

"மச்சான்" என்றேன். "அண்டைக்கு, அந்த வியாழக்கிழமை..."

"என்ன?"

கீழே அவர் இன்னும் பைப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். மகள் அவருக்குச் சற்றுத் தள்ளி நின்று, அவரையல்ல, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்டும் இல்ல மச்சான்" என்றேன்.