அக்கா சொல்லாதே என்றதை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரை அறிந்த உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் உடன்பிறந்த தம்பி எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரத்தில் பிறந்த அக்கா, மத்திய அரசு வேலை கிடைத்து இருபத்திரண்டு வயதில் தனியாக டெல்லி வந்தார். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் குடித்தனம். அத்தான் இளவயதிலேயே காலமானபின் மகளையும் மகனையும் ஒற்றை ஆளாக வளர்த்தார். வலிக்கிறது என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

ஓய்வுபெற்ற ஆண்டில் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். அக்கா நடந்தார், பிறகு ஓடத் தொடங்கினார். அறுபத்து மூன்று வயதில் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டத்தில் கடைசியாக வந்தார். தடுப்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திக் கைதட்டினார்கள். அன்றுபோல் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

அடுத்த ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கும்போது தீபாவளி முடிந்து ஊரெங்கும் புகை கவிந்தது. வெளியே ஓட வேண்டாம் என்றார் டாக்டர். அக்கா கேட்கவில்லை. பூங்கா பெஞ்சில் தண்ணீர் பாட்டிலோடு நான் காத்திருப்பேன். ஒரு காலை, பாதியில் வந்து நெஞ்சைப் பிடித்தபடி அமர்ந்தார். முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"ஏல, பிள்ளைங்கட்ட சொல்லிராத. ஷூவ ஒளிச்சு வச்சிருவாங்க."

"டாக்டர்ட்டயாவது காட்டுவோம்க்கா."

"ஓட்டம் முடியட்டும்ல."

நான் சொல்லவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து, நான் உடன் போகாத ஒரு காலையில், அதே பூங்காவில் விழுந்தார். நடக்க வந்தவர்கள் ஆட்டோவில் ஏற்றினார்கள். முன்பு எப்போதாவது நெஞ்சு வலித்ததா என்று மருத்துவமனையில் கேட்டார்கள். "அம்மாவுக்கு அப்படி எதுவுமே வந்ததில்ல" என்றாள் மகள். பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அக்கா போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் மகளிடம் உண்மையைச் சொன்னேன். அதன்பின் பல மாதம் அவள் என் போனை எடுக்கவில்லை. இந்த நினைவு மலர் போட முடிவானபோது அவளே கூப்பிட்டாள்.

"மாமா, அத எழுதுங்க. அம்மாகூட ஓடின ஆன்ட்டி அங்கிள் எல்லாருக்கும் இந்த புக் போகும். அவங்களும் வீட்ல மறைப்பாங்க."

ஆட்டோவில் ஏற்றிவிட்டவர்கள், மருத்துவமனையில் உடனிருந்த அக்கம்பக்கத்தார், மயானம்வரை வந்த அலுவலகத் தோழியர், அக்காவோடு ஓடியவர்கள், இவர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த மகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அச்சுக்குக் கொடுக்குமுன் நானே வாசித்துக் காட்டினேன். மருத்துவமனை வரும் இடத்தில் வாசிப்பதை நிறுத்தினேன்.

"படிங்க மாமா" என்றாள்.