கள்ள உறுதி வழக்கில் மாமா சாட்சி

தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வெளியே வந்து வீடு கட்டலாம் என்று, கஹவத்தைக்குப் பக்கத்தில் அப்பா ஒரு துண்டுக் காணி வாங்கியிருந்தார். விற்றவர் ஒரு சிங்களக் கடைக்காரர். அவர் காலமானதும் அவருடைய மகன் வழக்குப் போட்டார். காணி உறுதிப் பத்திரத்தில் இருப்பது தன் தந்தையின் கையெழுத்தே இல்லையாம். அது கள்ள உறுதியாம்.

"கள்ளம்னு சொல்றது அவன். அவன்தானே நிரூபிக்கணும்?" என்று அப்பா லோயரிடம் எகிறினார்.

"உறுதியக் காட்டி, காணி எங்களோடதுன்னு சொல்றது நீங்க. அவரு கையெழுத்து வச்சாருன்னு நீங்கதான் மொதல்ல காட்டணும். அன்னைக்குச் சாட்சிக்கு நின்னவங்கள்ல ஒருத்தரக் கூட்டிட்டு வாங்க."

உறுதி எழுதிய நொத்தாரிசு உயிரோடு இல்லை. இரண்டு சாட்சிகளில் ஒருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மிஞ்சியவர் கொடகவெலயில் இருந்த என் தாய்மாமா. அவரோ எங்களோடு பேசுவதில்லை. அக்காவின் கல்யாண ஆல்பத்தில் அவர் கண்ணை மூடியிருந்த படத்தைப் போட்டுவிட்டோம் என்று கோபம். அம்மா கோழிக்கறியோடு போய் அழுத பிறகு, வேனில் முன் சீட் தந்தால் வருவதாக இறங்கி வந்தார்.

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறக்குமுன் மாமா சிங்களத்திலேயே பதில் சொல்லத் தொடங்கினார்.

"இது உங்க கையெழுத்தா?" என்று எங்கள் லோயர் உறுதியை நீட்டினார்.

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். "இல்லீங்க. என் கையெழுத்து இவ்வளவு அசிங்கமா இருக்காது."

அம்மா என் தொடையைக் கிள்ளினார். லோயர் உறுதியை இன்னும் கிட்டக் கொண்டுபோனார்.

"நல்லாப் பாருங்க."

"ஆங்... என்னோடதுதான். அன்னைக்குக் கால்வலி. அதான் கோணிப்போச்சு."

எதிர்த்தரப்பு லோயர் துள்ளி எழுந்தார். "கையெழுத்துக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?"

"கடைக்காரரு கையெழுத்து வைக்க எழும்பிப் போறப்ப என் கால மிதிச்சிட்டாருங்க. நகம் பேந்துபோச்சு. அவரு வச்ச பொறகுதான் நான் வச்சேன். காட்டவா?"

சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றி, காலைச் சாட்சிக் கூண்டின் கட்டைமேல் தூக்கினார்.

"வேண்டாம், வேண்டாம்!" என்றார் நீதிபதி.

அப்போது கடைக்காரரின் மகன் சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பஸ்ஸிலோ, புத்தரைக் கும்பிடப் போகும் பன்சலையிலோ யார் காலையாவது மிதிக்காமல் தன் தந்தை வீடு திரும்பியதே இல்லை என்று பிறகு அவரே வாசலில் எங்களிடம் சொன்னார்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. அடுத்த கிழமையே காணியில் கல் இறக்கினோம். மகன் வேலியோரம் வந்து நின்று, சமைக்கக் குசினி எந்தப் பக்கம் வருகிறது என்று விசாரித்தார்.