திரும்பி வரக் கூடாது

பிளேன் ஓட்டப் படித்தவனுக்கு வில்லியனூர்ப் பக்கத்தில் என்ன வேலை என்று கேட்காத ஆள் கிடையாது. எனக்கே தெரியாது, அவர்களுக்கு எங்கே பதில் சொல்ல? பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு வந்த பெரியப்பா, தனக்குப் பிள்ளை இல்லாத குறைக்கு என்னை மெட்ராஸ் பிளையிங் கிளப்பில் சேர்த்துவிட்டார். லைசென்ஸ் வந்தது, வேலை வரவில்லை. கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு கிடந்தேன். வானத்தில் ஏதாவது இரைந்தால் போதும், பக்கத்துக் கொல்லைக்காரன், "டேய், உன் வண்டி போவுது பாரு" என்பான். பற்றிக்கொண்டு வரும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சின்ன ஊர்களுக்குச் சின்ன பிளேன் விட ஆரம்பித்த ஒரு கம்பெனி என்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. வயது ஏறிக்கொண்டிருந்தது. இதுவும் கைவிட்டுப் போனால் அப்புறம் ஆயுசுக்கும் கரும்புதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அன்றைக்குப் பிடித்தது குழப்பம். "நெஞ்ச நிமித்தி ஒக்காரு. கேட்ட ஒடனே பட்டுனு சொல்லு. யோசிச்சா பயந்தாங்கொள்ளின்னு நெனைப்பான்" என்றார் பெரியப்பா. மறுநாள் காலையில் அவரே வந்து, "பட்டுனு சொல்லாதடா, திமிர் புடிச்சவன்னு நெனைப்பான்" என்றார். எந்தப் பெரியப்பா பேச்சைக் கேட்பது?

அம்மாவின் கூத்து வேறு. அப்பா போன பிறகு அவளுக்கு நான் ஒருத்தன்தான். இன்டர்வியூவுக்கு நான் படித்துக்கொண்டிருந்த இங்கிலீஷ் புத்தகத்தை அவளால் படிக்க முடியாது. ஆனாலும், "நானும் கேக்கறேன், பதில் சொல்லு" என்று அரிவாள்மணையோடு எதிரே உட்கார்ந்துவிட்டாள். மணப்பட்டுக் கூடைக்காரியிடம் வாங்கிய மீனை ஆய்ந்துகொண்டே கேட்டாள்:

"பிளேன் மேல ஏறிக்கினு இருக்கும்போது எஞ்சின் நின்னுபோச்சுன்னா இன்னா பண்ணுவ?"

அசந்துபோனேன். இன்டர்வியூவில் கட்டாயம் கேட்கிற கேள்வி அது. "மூக்க எறக்கிக்கினு நேரா போணும்மா. முன்னாடி எங்க எடம் இருக்குதோ அங்க எறங்கிடணும்."

"கெளம்புன எடத்துக்கே வந்துட வேண்டியதுதானே?"

"கூடாது. அவ்ளோ தாழ்வுல திருப்புனா தலகுப்புற வுழுந்துடும். இன்னா ஆனாலும் திரும்பி வரக் கூடாது."

செதிலோடு அவள் கை அப்படியே நின்றது. "யேசு மரி சூசையே! திரும்பி வரக் கூடாதா?" என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் அதே கேள்விதான். நானும் அதே பதிலைச் சொல்வேன். உருப்போட வைக்கிறாள் என்று எனக்குச் சந்தோஷம். ஒருநாள் வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து, தனக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள்.

"வேல கெடைச்சாவா?"

"வேண்டினத வெளிய சொன்னா பலிக்காதுடா. நடந்தா முடி குடுப்பேன். அவ்ளோதான்."

கிளம்புகிற அன்று என் வெள்ளைச் சட்டையை அவளே இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். ஒரு சுருக்கம் கிடையாது.

மெட்ராஸில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு நடுவில் இருந்தவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். மேலே கிளம்பியதும் எஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வாய்? அப்பாடா என்றிருந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வாயைத் திறந்தேன். செதிலோடு நின்ற அந்தக் கைதான் கண்ணுக்குள் வந்தது.

"கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்துடுவேன் சார்" என்று இங்கிலீஷில் சொன்னேன். நெஞ்சை நிமிர்த்தி, பட்டென்று.

"நிச்சயமாகவா?" என்றார். "ஆமாம் சார்" என்றேன். பேசியது நான்தானா? இத்தனை வருஷம் கழித்தும் விளங்கவில்லை.

நான் தேறவில்லை என்று தகவல் வந்தது. பெரியப்பா அந்தக் கம்பெனியைத் தமிழிலும் பிரெஞ்சிலும் திட்டித் தீர்த்தார். நான் மோட்டார் கொட்டகைக்குள் போய் அழுதேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போன அம்மா முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள். குனிந்து செருப்பைக் கழற்றும்போது முந்தானை நழுவியது. மொட்டைத் தலை, சந்தனம்.

"வேலதான் கெடைக்கலியே, எதுக்கும்மா மொட்ட?"

என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "வேண்டினது நடந்துச்சு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அப்புறம் எதுக்குத் தெனம் ஒக்கார வெச்சிக் கேள்வி கேட்ட? எதுக்குச் சட்டைய இஸ்திரி போட்டுக் குடுத்த?" என்று கத்தினேன்.

"நீ அங்க போயி நல்லா சொல்லணும்னு பண்ணேன். அது ஒனக்கு. மாதாகிட்ட கேட்டது எனக்கு."

முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு அவளே கேட்டாள், "அந்த எஞ்சின் கேள்விய கேட்டானுங்களா?"

"கேட்டாங்க."

"இன்னா சொன்ன?"

"திரும்பி வந்துடுவேன்னு சொன்னேன்."

அவள் முகம் மாறிப்போனது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தப்பா சொல்லிட்டியேடா" என்று அழுதாள். "நேரா போயி எறங்கணும்டா. திரும்பி வரக் கூடாது."