ராஜமாதாவுக்கு ஒரு வெள்ளி மெடல்

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன் எங்கள் நாடக விமர்சகர் சங்கம் இந்த வருஷத்து வெள்ளி மெடலைக் கொடுத்தது. பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். படித்ததில் பாதிதான் நிஜம். மீதிப் பாதியை எழுதிக்கொள்ளச் சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் அனுமதி கொடுத்துவிட்டார்கள் — என் சக விமர்சகர்கள் நீங்கலாக.

சங்கம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மொத்தம் ஐந்து பேர். திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் இருந்துகொண்டு பத்திரிகைகளில் நாடகங்களைப் பற்றி எழுதுகிறவர்கள். தலைவர், ரிடையரான சப்-ஜட்ஜ். உத்தர வீதியில் வீடு. காரியதரிசி சூசைராஜ், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கிளார்க். நான் ஒருவன். மற்ற இருவரும் தலைவர் சொல்வதையே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறவர்கள். ஆகவே தனியாக அறிமுகப்படுத்தவில்லை.

வருஷத்துக்கு ஒரு மெடல், சிறந்த நடிப்புக்கு. வழக்கமாக ஐந்து பேரும் ஐந்து பெயர் சொல்வோம். மூன்று கூட்டம் நடக்கும். கடைசியில் யாருமே முதலில் நினைக்காத ஆறாவது ஆளுக்கு மெடல் போய்ச் சேரும். இந்த வருஷம் அதிசயம்... முதல் கூட்டத்திலேயே, காபி வருவதற்குள், ஐந்து பேரும் ஒரே பெயரைச் சொன்னோம். வடிவாம்பாள்.

தென்னூர்ப் பக்கம் தகரக் கொட்டகையில் முகாம் போட்டிருக்கும் கம்பெனியின் பிரதான நடிகை. அவர்கள் புதிதாக ஒரு சரித்திர நாடகம் போட்டார்கள். முதல் நாள் ஆட்டத்துக்கு எங்கள் ஐவருக்கும் முன்வரிசையில் நாற்காலி. யுத்த காலத்து விளக்குக் கட்டுப்பாடு. ஆகையால் மாலையிலேயே ஆட்டம் தொடக்கம், மேடையிலும் வெளிச்சம் மட்டு. வடிவாம்பாளுக்கு ராஜமாதா வேஷம். முப்பது வயதுக்காரி எழுபது வயதுக் கிழவியாக நடிக்க வேண்டும். நரைத்த டோப்பா, முக்காடு, முகம் பூராவும் சுருக்கக் கோடுகள்.

இரண்டாம் அங்கத்தின் கடைசியில் போர்க்களத்திலிருந்து ஒரு வீரன் வருகிறான். மகன் இறந்த சேதியைச் சொல்கிறான்.

ராஜமாதா ஒன்றும் பேசவில்லை. கொட்டகையே காத்திருந்தது. அவள் வீரனைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள். ஒரு யுகம் போன பிறகு, கரகரத்த குரலில், "உன் குதிரைக்குத் தண்ணீர் காட்டினாயா?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான். படுதா விழுந்தது. பின்னால் பெஞ்சில் யாரோ விசும்பினார்கள். நானும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

என் விமர்சனம் அந்த வாரமே வெளிவந்தது. ஒப்பாரியை எதிர்பார்த்துப் போனோம், வடிவாம்பாள் மௌனத்தால் நம்மை அழவைத்துவிட்டார் என்று எழுதினேன். நல்ல குரல் இருந்தும் பாடாமல் விட்ட துணிச்சலைப் பாராட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "புடவை கட்டிய ஆண்பிள்ளைகள் ஆயிரம் பேர் வந்தாலும் இந்த மௌனம் வராது, அது பெண்ணுக்கே உரியது" என்று ஒரு வரி சேர்த்தேன். எழுதும்போது அந்த வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பக்கத்து வீட்டு ஸ்கூல் வாத்தியார் இதைப் படித்துவிட்டு அடுத்த வாரம் நாடகத்துக்குப் போய்வந்தார். "என்ன ஓய், மௌனம் மௌனம்னு எழுதியிருந்தீர்? கால்மணி நேரம் ஒப்பாரின்னா வெச்சா. நடுவிலே பாட்டு வேற" என்றார்.

மனிதருக்கு ரசனை போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

விழாவுக்கு நாலு நாள் முன்பு, காலை எட்டு மணி இருக்கும், எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. வடிவாம்பாள் இறங்கினார். சித்திரை வீதியில் ஒரு நாடக நடிகை ஜட்காவிலிருந்து இறங்கினால் என்ன ஆகும்? எதிர் வரிசையில் நாலு ஜன்னல் திறந்தது. என் மனைவி மட்டும் அலட்டிக்கொள்ளாமல், "உள்ளே வாங்கோ, வெயில்லே நிக்காதேங்கோ" என்று கூப்பிட்டுப் பாய் விரித்தாள்.

வடிவாம்பாள் சுற்றி வளைக்கவில்லை.

"சார், எனக்கு மெடல் குடுக்கறதா லெட்டர் வந்துச்சு. முதல் நாள் ஆட்டத்துக்காகன்னு போட்டிருக்கீங்க. அன்னைக்கு நான் நடிக்கலை."

எனக்குப் புரியவில்லை.

"குளிர் காய்ச்சல் சார். எழுந்து நிக்க முடியலை. கொட்டகை நிரம்பிடுச்சு, நீங்கள்லாம் வந்து உக்காந்துட்டீங்க. முதலாளிக்கு என்ன பண்றதுன்னு தெரியலை. எங்க கம்பெனியில சிவலிங்கம்னு ஒருத்தர், சைடுல நின்னு எல்லாருக்கும் வசனம் எடுத்துக் குடுக்கறவர். எல்லா வேஷத்துக்கும் வசனம் அவருக்குத்தான் தெரியும். அவர்தான் என் டோப்பாவை வெச்சுக்கிட்டுப் போனார்."

"ஆண்பிள்ளையா?" என்றேன். கேள்வி என் காதிலேயே அசட்டுத்தனமாக விழுந்தது.

"முந்தி ஸ்திரீ பார்ட் போட்டவர் சார். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

தெரிந்திருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்பு வேறொரு கம்பெனியில் இதே சிவலிங்கம் கதாநாயகியாக நடித்ததைப் பார்த்துவிட்டு, "மீசையை மழித்துவிட்டால் மட்டும் நாயகி ஆகிவிட முடியாது" என்று எழுதினேன். ஊரில் நாலு பேர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவரை மேடையில் பார்த்ததாக ஞாபகம் இல்லை. ஏன் என்று நான் யோசித்ததும் இல்லை.

"மெடல் அவருக்குப் போகணும் சார். அவர்கிட்ட நான் கேக்கலை. கேட்டா வேணாம்னுதான் சொல்வாரு" என்று சொல்லிவிட்டு வடிவாம்பாள் போய்விட்டார்.

காபி டம்ளரை எடுத்துப் போக வந்த என் மனைவி, "அவருக்கே குடுத்துட வேண்டியதுதானே? இதிலே யோசிக்க என்ன இருக்கு?" என்றாள். விமர்சகர் சங்கத்தில் இல்லாதவர்களுக்கு எல்லாம் சுலபமாகத்தான் தெரிகிறது.

அன்று சாயங்காலமே தலைவர் வீட்டில் அவசரக் கூட்டம். நான் விஷயத்தைச் சொல்லி முடித்தேன். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"அபிப்பிராயத்திலே பிசகு இல்லை. ஆள்தான் மாறிப்போச்சு" என்றார்.

"அப்ப ஆளை மாத்திக் குடுத்திரலாம்ங்க" என்றார் சூசைராஜ்.

"மாத்திக் குடுத்தா ஊர் என்ன சொல்லும்? அஞ்சு விமர்சகா முன்வரிசையிலே உக்காந்துண்டு, ஆணா பெண்ணான்னு தெரியாம அழுதான்னு சொல்லும். மெடலிலே அந்த அம்மாள் பேரைப் பொறிச்சாச்சு. அந்த முதலாளிக்கும் தொல்லை. அவர் நோட்டீஸிலே வடிவாம்பாள்னு போட்டுன்னா டிக்கெட் வித்திருக்கார்."

"அந்த அம்மாவே வேணாம்னு சொல்லுதுங்களே."

"அது அவாளோட பெருந்தன்மை. அதை வேணா விழாவிலே பாராட்டிடலாம்."

ஓட்டெடுப்பு நடந்தது. மெடல் வடிவாம்பாளுக்கே, விஷயம் வெளியே போகக் கூடாது. ஆதரவு நாலு, எதிர்ப்பு ஒன்று. அந்த ஒன்று நான் என்று நீங்கள் நினைத்தால், என்மேல் உங்களுக்கு இருக்கும் மரியாதைக்கு நன்றி. அது சூசைராஜ். நான் கை தூக்கியது நாலு பேர் பக்கம்.

ஏன்? அந்த வரிதான் காரணம். ஆயிரம் ஆண்பிள்ளைகள் வந்தாலும் என்று எழுதினேனே, அந்த வரி. அதை வைத்துக்கொண்டு ஊருக்குள் எப்படி நடமாடுவது என்பதுதான் என் கவலை. சிவலிங்கம் என்கிற மனிதர் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

மறுநாள் மத்தியானம் ஆபீஸில் இருப்புக் கொள்ளவில்லை. லீவு சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். எதற்காகப் போனேன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியாது. மேடைக்குப் பின்னால் ஒரு டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து சிவலிங்கம் புது நாடகத்தின் வசனத்தைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், காதோரம் நரை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க சார். அம்மா உங்க வீட்டுக்கு வந்துச்சாமே. வேணாம்னு நானே சொல்லியிருப்பேன், என்கிட்ட சொல்லாம வந்துடுச்சு."

"அன்னிக்கு நீங்க நடிச்சது..." என்று ஆரம்பித்தேன்.

"நடிச்சேனான்னே தெரியலைங்க. அந்த இடத்துல ஒரு பக்கம் வசனம். அதோட ஆரம்பம் மறந்துபோச்சு. யாருக்கு மறந்தாலும் சைடுல இருந்து நான் எடுத்துக் குடுப்பேன். அன்னைக்கு சைடுல யாரும் இல்லை. நான்தான் மேடையில நிக்கிறேனே."

"அந்த மௌனம்?"

"பயம்ங்க."

"குதிரைக்குத் தண்ணீர்?"

"வெளியில ஜட்காக் குதிரை ஒண்ணு கனைச்சுது. அதான் வாயில வந்துது."

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. அவரே தொடர்ந்தார்: "முன்னே என்னைப் பத்தி எழுதினீங்களே, அது சரியாத்தான் எழுதியிருந்தீங்க. அப்ப நான் பொம்பளை மாதிரி நடிச்சுக்கிட்டிருந்தேன். நடை, இடுப்பு, கண்ணு எல்லாம் பார்த்துப் பார்த்து. அன்னைக்கு அதுக்கெல்லாம் நேரமே இல்லை."

"கோபம் இல்லையா உங்களுக்கு?"

"இருந்துது. ரெண்டு வருஷம் உங்க பேப்பரைத் தொடலை. அதைப் படிச்சுட்டுத்தான் பழைய கம்பெனியில என்னை நிறுத்தினாங்க. அப்ப என் பொண்ணுக்கு மூணு வயசு." பேனாவை மையில் தோய்த்துக்கொண்டார். "அப்புறம் இங்க வந்துட்டேன். வேலை சரியா இருக்கு. மெடல்னு எதையாவது கிளப்பி இதுவும் போயிடப் போகுது. விட்டுடுங்க சார்."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்கவில்லை. வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். இருபது வருஷமாகத் தமிழ் எழுதிப் பிழைக்கிறவன்... ஒரு வாக்கியம் வரவில்லை.

ஞாயிறு சாயங்காலம் மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு வாசகசாலை மாடியில் விழா. நல்ல கூட்டம். தலைவர் அந்த மௌனத்தைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். பேசும்போது முன்வரிசையில் இருந்த எங்கள் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பிறகு வடிவாம்பாளைக் கூப்பிட்டார்.

வடிவாம்பாள் மேடையேறிக் கும்பிட்டார். மெடலைத் தொடவில்லை.

"எங்களுக்கெல்லாம் வசனம் சொல்லிக்குடுக்கற வாத்தியார் பின்னால நிக்கிறார். நாங்க பேசற ஒவ்வொரு வார்த்தையும் அவர் குடுத்தது. அவர் இருக்கும்போது நான் இதை வாங்கிக்கிட்டா நல்லா இருக்காது. ஐயா பெரிய மனசு பண்ணி அவருக்கு இதைப் போட்டுவிடணும்" என்றார்.

ஒரு வார்த்தை பொய் இல்லை. ஒரு ரகசியமும் உடையவில்லை. குரு பக்தி என்று நினைத்துச் சபை கைதட்டியது. சிவலிங்கம் தூண் ஓரத்திலிருந்து நகரவில்லை. சூசைராஜ் எழுந்து போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார். தலைவர் ஒரு கணம் மெடலைப் பார்த்தார், அந்த மனிதரைப் பார்த்தார், பிறகு அவர் சட்டையில் தாமே குத்திவிட்டார்.

இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"எனக்குப் பேச வராதுங்க. மத்தவங்க பேசறதுக்கு எடுத்துக் குடுக்கத்தான் வரும்" என்றார் சிவலிங்கம். கும்பிட்டுவிட்டு இறங்கினார். வடிவாம்பாள் அழுதுகொண்டிருந்தார். மேடையில் அழுவதைவிட இது சத்தமில்லாமல் இருந்தது.

கூட்டம் கலையும்போது மாடிப்படியில் கம்பெனி முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார். சண்டைக்கு வருகிறார் என்று பயந்தேன்.

"சார், உள்ளதை எழுதிடுங்க. நான் சிவலிங்கத்துக்கிட்ட பேசிட்டேன். இனிமே சனிக்கிழமை ஆட்டத்துக்கு ராஜமாதா அவர்தான். நோட்டீஸ்ல அவர் பேரே போடறேன். வாரம் பூரா ஒப்பாரி வெச்சுத் தொண்டை போகுது, ஒரு நாளாவது லீவு குடுங்கன்னு அம்மாவும் சொல்லுது."

"வேறே ஆள் பேரைச் சொல்லி ஏமாத்திட்டதா ஜனங்க கோவிச்சுக்க மாட்டாளா?"

"ஜனங்க எங்க சார் ஏமாந்தாங்க? அழ வந்தாங்க, அழுதுட்டுப் போனாங்க. மெடல் குடுக்கறதுக்குன்னு உக்காந்து பார்த்தது நீங்க அஞ்சு பேருதான்" என்றார்.

மறுநாள் காலை தலைவர் எங்கள் யாரிடமும் சொல்லாமல் சிவலிங்கத்திடமிருந்து மெடலை வாங்கிக்கொண்டு போய், தட்டானிடம் கொடுத்துப் பெயரை மாற்றிப் பொறிக்கச் செய்தார். சங்கத்தின் நோட்டுப் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. கேட்டதற்கு, "எனக்கு ஞாபகம் இல்லை" என்றார். ஜட்ஜாக இருந்தவர்கள் சாட்சிகளிடமிருந்து நிறையக் கற்றுக்கொள்கிறார்கள்.

புதன்கிழமை மறுபடி கூடினோம். இனிமேல் நாடகம் முடிந்ததும் விமர்சகர்கள் உள்ளே போய் நடிகர்களைப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று சூசைராஜ் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அது விமர்சகரின் சுதந்திரத்துக்கு விரோதம் என்று தலைவர் அபிப்பிராயப்பட்டார். மற்ற இருவரும் அதைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னார்கள். தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டது.

நான் மட்டும் போன சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் உள்ளே எட்டிப் பார்த்தேன். வியர்வையில் அரிதாரம் வழிய, ஏழெட்டுப் பேர் ஒரே கண்ணாடிக்கு முன்னால் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்... இவர்களில் யாருக்கு மெடல் என்று தனியாகப் பிரித்துச் சொல்ல, நல்ல தைரியம் வேண்டும்.