மறிச்சா மறியல்

ஓர்ஸ் ஹில் இறக்கம் முடிந்து துறைமுகத்துத் தண்ணீர் தெரிகிற இடத்தில், வீதியை மறித்துச் சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. கூடைகளில் சாப்பாட்டுப் பெட்டிகளும் குடைகளும் கிடக்கின்றன. வரிசைக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள். முன்னால் கிண்ணியா பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே நிற்கிறது.

மதுரையில் இதையெல்லாம் பார்த்துப் பழகியவன் என்ற தைரியத்தில், ஓரத்தில் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கும் பெண்ணிடம் கேட்கிறேன்: "மறியலா அக்கா?"

அவர் முகம் மாறுகிறது. "மறியலோ? ஆருக்கு? பொலிஸ் வந்திட்டுதோ?"

"இல்லை, சாலை மறியலா என்று..."

"ஓ, நீங்கள் இந்தியாவோ?" சிரித்துவிடுகிறார். "இஞ்ச மறியல் எண்டா ஜெயில், தம்பி."

"எங்கள் ஊரில் சாலையை மறித்தால் மறியல்."

"இஞ்சயும் மறிச்சா மறியல்தான்."

லிங்கநகரிலிருந்து சைக்கிளில் வந்து, அதை இங்கே பூட்டிவிட்டு, கிண்ணியாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இவர்கள். காலை பஸ் இந்தத் தரிப்பிடத்தில் நிற்பதே இல்லையாம். "கதைச்சுப் பாத்திட்டம். இனிக் கதைக்க ஏலாது," என்கிறார்.

இறக்கத்தில் பொலிஸ் ஜீப் தெரிகிறது. ஒருவரும் அசையவில்லை.

"இதை ஒருக்காப் பிடியுங்கோ." சைக்கிளை என் கையில் தந்துவிட்டு அவர் ஜீப்பை நோக்கி நடக்கிறார். பஸ்ஸிலிருக்கும் கண்களெல்லாம் இப்போது என்மேல். எந்த ஊர் மறியலுக்குள் நிற்கிறேன் என்று தெரியாமல், ஹாண்டிலை இறுகப் பிடித்துக்கொள்கிறேன்.